ஹாசியாவுக்கு ஊற்றாத தண்ணீர்

ஃபைன்மான் பண்ணையில் மக்காச்சோளக் கதிர் அடைத்து வைக்கும் பட்டறையைப் பிரித்து ஏற்றிக்கொண்டு சாவுலோவின் வண்டி அருங்காட்சியகத்து வாசலில் வந்து நின்றபோது, மார்ச் மாத வெயிலில் கண் கூசியது. மிண்டா கையில் மாத்தே என்ற கசப்புத் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தாள். நான் மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன்.

எங்கள் அருங்காட்சியகம் ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய தானியக் கிடங்கு. ரயில் வருவது நின்று வெகுகாலமாகிறது. கொலோனியா மிரியாம் என்ற எங்கள் ஊரில் குடியேறிய யூதக் குடும்பங்கள் பிறகு நகரங்களுக்குப் போனபோது விட்டுச்சென்றதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார்கள், வெள்ளிக்கிழமை விளக்குத் தண்டுகள், பாஸ்கா ரொட்டியில் துளை போடும் சக்கரம், அதற்குப் பக்கத்திலேயே மக்காச்சோளம் உதிர்க்கும் இயந்திரம், வெட்டுக்கிளியை மறிக்க வயலைச் சுற்றி நட்ட தகரங்கள். ஜெபமும் சோளமும் ஒரே அலமாரியில் இருக்கும். அவர்கள் வாழ்ந்ததும் அப்படித்தான்.

அதை நடத்துவது மிண்டா பெரெல்மான். நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கணவன் போன பிறகு அவள் வீட்டில் இருப்பதைவிட அந்தக் கிடங்கில் இருக்கும் நேரம்தான் அதிகம். சாவுலோ அவள் சித்தப்பா மகன். இன்றும் மக்காச்சோளம் போடுகிறவன். வாய் ஓயாதவன்.

பட்டறையைத் தருகிறேன் என்று பெரியவர் தோன் பெர்னார்தோ ஃபைன்மான் தானாகவே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னதுதான் எங்களுக்கு ஆச்சரியம். பண்ணையை விற்றுவிட்டு, சதுக்கத்துக்கு எதிரே மகள் வீட்டில் இருந்தார். துருப்பிடித்த ஆணியைக்கூட யாருக்கும் தராத மனிதர் என்று பெயர். மிண்டா நன்றி சொல்வதற்குள் தொலைபேசியை வைத்துவிட்டாராம்.

நாணலும் கம்பியும் கொண்டு பின்னிய வட்டமான பட்டறை அது. அதன் வாய்க்கு மட்டும் ஒரே பலகை. ஓர் ஆள் நீளம். நடுவில் லேசாகக் குழிந்து, ஒரு முனையை நோக்கிச் சரிந்திருந்தது. அந்த முனையில் சிறுசிறு ஓட்டைகள். கதிர்களைச் சரித்துக் கொட்டும் பலகை என்றாள் மிண்டா. குதிரைத் தொட்டியின் அடிப்பாகம் என்றான் சாவுலோ. இருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள்.

“என் கட்டில்கூட இவ்வளவு கெட்டியா இல்ல,” என்றான் அவன், பலகையைத் தூக்கிப் பட்டறைக்குப் பக்கத்தில் முக்காலிகள் மேல் வைத்துக்கொண்டே. “மத்தியானம் தூக்கம் வந்தா இதுமேலயே படுத்துக்க, மிண்டா. ஒரு பய எழுப்பமாட்டான்.”

மிண்டா சிரித்தாள். பட்டறை நிறைய அவன் வயலில் காய்ந்த கதிர்களைக் கொட்டி நிரப்பினோம். கூடத்தின் நடுவே அது பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் பலகையின் அடியில் தரை ஈரமாக இருந்தது.

கூரை ஒழுகுகிறது என்று நினைத்து மிண்டா சாவுலோவை மேலே ஏற்றினாள். கார்னிவலுக்குப் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை. கூரையில் புழுதிதான் இருந்தது. தரையைத் துடைத்துவிட்டுப் போனோம். அடுத்த நாளும் அதே இடத்தில் ஈரம். காலையில் இருக்காது, சாயங்காலம் கதவைத் திறக்கும்போது இருக்கும். ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கும் மத்தியான நேரத்தில்தான் அது வருகிறது என்பது எங்களுக்குப் புரியச் சில நாள் ஆயிற்று.

அந்தத் தண்ணீரில் ஒரு வாடை இருந்தது. காடியும் களிமண்ணும் கலந்த வாடை.

யாரோ விளையாடுகிறார்கள், பிடித்துவிடலாம் என்று நான் சொன்னேன். ஒரு மத்தியானம் நானும் மிண்டாவும் வீட்டுக்குப் போகாமல், கூடத்தை ஒட்டிய சின்ன அறையில், கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

எங்கள் ஊர் மத்தியானம் எப்படியிருக்கும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நாய் குரைக்காது. கோழி கொக்கரிக்காது. தகரக் கூரை வெயிலில் விரியும் சத்தம் மட்டும் எப்போதாவது கேட்கும். வெளியே வெளிச்சம் கொளுத்த, கிடங்குக்குள் தடித்த சுவர்களின் நிழல். ஜன்னல் இடுக்கில் விழும் ஒற்றை ஒளிக்கோட்டில் தூசி அசையாமல் நின்றது. மிண்டா உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள். எனக்கும் தலை சாய்ந்தது.

குளிர்தான் என்னை எழுப்பியது.

கூடத்திலிருந்து கதவிடுக்கு வழியாக, கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல ஒரு குளிர் வந்தது. பிறகு பட்டறைக்குள் கதிர்கள் ஒன்றின்மேல் ஒன்று உரசும் சத்தம். யாரோ படுக்கையில் புரண்டு படுப்பதுபோல.

பிறகு தண்ணீர்.

வாளியிலிருந்து மெதுவாக ஊற்றும் சத்தம். கொஞ்சம் விழும். நின்றுபோகும். மறுபடி கொஞ்சம் விழும். நின்றுபோகும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஒரு பெண் மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது.

மிண்டா விழித்திருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

“கேக்குதாடி?” என்றாள்.

நான் கதவைத் தள்ளினேன். கூடத்தில் யாரும் இல்லை. பலகை முழுக்க நனைந்து, ஓட்டைகள் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பட்டறையில் நாங்கள் கொட்டிய காய்ந்த கதிர்கள் முளைவிட்டிருந்தன. வெயில் படாத வெள்ளை முளைகள், நாணல் இடுக்குகளில் விரல்களைப்போல வெளியே நீண்டிருந்தன. ஒரு கதிரின் நுனியில் செம்பழுப்பாக ஈரக் குஞ்சம் தொங்கியது. காய்ந்த கதிரில் ஏது குஞ்சம் என்று மிண்டா அதைப் பிடித்து இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது. அவள் முழங்கை அளவுக்கு வந்தது.

அது தலைமுடி.

நான் வெளியே ஓடினேன். மிண்டா நிதானமாக வந்தாள். அந்த முடியை விரலில் சுற்றி மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். தூக்கிப் போடச் சொன்னேன். போடுகிறேன் என்றாள்.

பட்டறையைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று சாவுலோவிடம் பேசினேன். அவன் முதலில் கேலி செய்தான், பிறகு முளைத்த கதிர்களைப் பார்த்துவிட்டுக் கேலியை விட்டான். ஆனால் மிண்டா சம்மதிக்கவில்லை. அவள் குரலே மாறியிருந்தது. அதிகம் பேசவில்லை. கையை அடிக்கடி கழுவினாள், துண்டால் துடைத்தாள், நகத்தைப் பார்த்தாள், மறுபடி கழுவப் போனாள். நகங்களுக்கு அடியில் கறுப்பாக மண். தோட்ட வேலை செய்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். எனக்குப் பழக்கமான மிண்டா அந்த வாரம் முழுக்க ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், சாப்பிட வருகிறேன் என்றவள் வரவில்லை. நான் செய்துவைத்த வரேனிக்கே கொழுக்கட்டை ஆறிப்போனது. என்னிடம் இருந்த சாவியோடு கிடங்குக்குப் போனேன்.

அவள் பலகையின் மேல் மல்லாந்து படுத்திருந்தாள். கால்கள் ஓட்டைகள் இருந்த முனையில். கைகள் பக்கவாட்டில், நேராக. கண்கள் திறந்திருந்தன. உடுப்பு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

“மிண்டா?”

உதடுகள் அசைந்தன. நான் குனிந்தேன். அவள் மூச்சு ஐஸ்போல என் காதில் பட்டது.

“ஊத்து,” என்றாள்.

அது மிண்டாவின் குரல் இல்லை.

அவளை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்று எனக்கு நினைவில்லை. படுக்க வைத்து உடுப்பை மாற்றியபோது அவள் முதுகு முழுக்கச் சேறு அப்பியிருந்தது. நடுநடுவே மக்காச்சோளத் தோகையின் துணுக்குகள். சாயங்காலம் எழுந்து, தனக்கு ஒன்றுமே நினைவில்லை என்றாள். உடம்பு அனலாகக் கொதித்தது. மறுநாள் காலையில் சாவுலோவை அவள் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, மருந்துக்கடை வேலைகளை முடித்துக்கொண்டு, தோன் பெர்னார்தோவைப் பார்க்கப் போனேன்.

மகள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலோரம் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலில் போர்வை. பட்டறை வாயில் இருந்த பலகை எது என்று கேட்டேன். அவர் மகளை உள்ளே போகச் சொன்னார்.

“அது பட்டறைக்குச் செஞ்ச பலகை இல்ல, நோயமி,” என்றார். “கல்லறையில இருந்தது. செத்தவங்களைக் குளிப்பாட்டுற பலகை.”

பிறகு அவர் சொன்னது இதுதான். அவர் அப்பா லெய்செர் ஃபைன்மான்தான் கல்லறையின் குளிப்பாட்டு அறைச் சாவியை வைத்திருந்தவர். வருஷக்கணக்காக வெட்டுக்கிளி தின்று தீர்த்த பிறகு, முதல்முறையாக மக்காச்சோளம் முழுசாக விளைந்த அறுவடை. வானம் இருண்டு கிடந்தது. பட்டறை கட்டியாகிவிட்டது, வாயை அடைக்கப் பலகை இல்லை. மழைக்கு முன் கதிரை அடைக்காவிட்டால் குடும்பம் பட்டினி. இந்த வாரம் யாரும் சாகமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே அப்பா அந்தப் பலகையைக் கழற்றி வந்தாராம்.

அடுத்த நாள் அவர்கள் வயலிலேயே, கதிர் ஒடித்துக்கொண்டிருந்த ஹாசியா என்ற பெண் சேற்றில் விழுந்து இறந்தாள். பெசராபியாவிலிருந்து தனியாக வந்தவள். சொல்லிக்கொள்ள யாரும் இல்லாதவள். அதற்குள் மழை வலுத்துவிட்டது. செத்தவர்களைக் குளிப்பாட்டும் சபைப் பெண்கள் காடி கலந்த தண்ணீரோடு கல்லறைக்குப் போனார்கள். பலகை இல்லை. யாரோ திருடிவிட்டார்கள் என்று லெய்செர் சொன்னார். பட்டறை வாயிலிருந்து பலகையை உருவினால் மொத்த விளைச்சலும் மழையில் சரிந்துவிடும். கல்லறையில் தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டிருந்தது, உடலை வைத்திருக்க முடியவில்லை. ஹாசியாவைச் சேறும் சகதியுமாக அப்படியே புதைத்தார்கள்.

“அம்மா அந்தச் சபையில இருந்தவ,” என்றார் பெர்னார்தோ. “பட்டறையைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா வாயைத் திறக்கல. அவளுக்கும் எங்க வயிறு முக்கியம்.”

அதன்பிறகு ஒவ்வொரு அறுவடையிலும் மத்தியானத்தில் தண்ணீர்ச் சத்தம். அடைத்த கதிரெல்லாம் முளைத்துப் போகும். பலகையை எரிக்கப் பார்த்தார்கள், தீப் பிடிக்கவில்லை. திருப்பி வைக்கலாம் என்றால் ஊருக்குச் சொல்லியாக வேண்டும். லெய்செரால் அது முடியவில்லை. ஒரு மத்தியானம் அம்மாவைக் காணவில்லை என்று தேடினார்கள். பலகையைக் கழற்றிப் போட்டு அதன்மேல் படுத்திருந்தாள்.

“மூழ்கிச் செத்திருக்கான்னு டாக்டர் சொன்னாரு.” அவர் போர்வையை இழுத்துக்கொண்டார். “எங்க பண்ணையில ஓடையே கிடையாது. கிணத்துல மூடி போட்டிருந்தது.”

அப்புறம் ஏன் எங்களுக்குத் தந்தீர்கள் என்று கேட்டேன். கண்ணாடிக்குள் வைப்பீர்கள், யாரும் தொடமாட்டீர்கள் என்று நினைத்தாராம்.

“மிண்டா அதுமேல படுத்திருந்தா, தோன் பெர்னார்தோ.”

அவர் எழுந்து நின்றார். போர்வை கீழே விழுந்தது. “எப்ப?”

“நேத்து.”

“அம்மாவும் முதல் நாள் சும்மா படுத்திருந்துட்டு எந்திரிச்சு வந்தா,” என்றார். “மறுநாள்தான்.”

நான் வாசலைத் தாண்டும்போது அவர் பின்னாலிருந்து சொன்னார், குளிப்பாட்டும்போது தண்ணீர் அறுந்துபோகக் கூடாது என்று. ஒரு வாளி தீர்வதற்குள் அடுத்த வாளி விழ வேண்டும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து ஊற்ற வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு பெண்கள் வேண்டும்.

தெரு காலியாக இருந்தது. மத்தியானம் தொடங்கிவிட்டது. மிண்டாவின் வீட்டில் சாவுலோ நாற்காலியில் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தான். உலுக்கினேன், எழவில்லை. கட்டில் காலியாக இருந்தது. தரையில் கதவு வரைக்கும் ஈரக் காலடிகள்.

கிடங்கின் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது.

அவள் பலகையில் கிடந்தாள். வாயோரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எங்கிருந்தும் விழாத தண்ணீர் அவளுக்குள்ளிருந்து நிரம்பி வந்தது. தோளைப் பிடித்து இழுத்தேன். நனைந்த மூட்டைபோலக் கனத்தாள். எப்படியோ தரைக்கு இறக்கி, ஒருக்களித்துப் போட்டு, முதுகில் அறைந்தேன். சேற்றுத் தண்ணீராக வெளியே வந்தது. மூச்சு வந்தது. கண் திறக்கவில்லை.

பலகை கிறீச்சிட்டது.

காலியான பலகையின் நடுவே மரம் அமுங்கியது. ஈரம் ஓர் உடம்பின் வடிவில் கறுத்துப் பரவியது. முதலில் தோள், பிறகு இடுப்பு, பிறகு கால்கள்.

உதவிக்கு யாரையாவது கூப்பிடலாம் என்றால் மிண்டாவை விட்டுப் போக முடியாது. முற்றத்துக் குழாயில் இரண்டு வாளிகளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். எனக்கு ஜெபமெல்லாம் சரியாகத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். முதல் வாளியைத் தலைமாட்டிலிருந்து ஊற்றத் தொடங்கினேன். கால்மாட்டுக்குப் போவதற்குள் வாளி தீர்ந்துவிட்டது. இரண்டாவதைக் குனிந்து எடுப்பதற்குள் தண்ணீர் அறுந்தது.

எனக்குப் பின்னால் தரையில் மிண்டா மூச்சுத் திணறினாள்.

மறுபடி ஓடி நிரப்பினேன். மறுபடி அறுந்தது. ஒரு கையில் ஒரு வாளியாகத் தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை. மிண்டாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. நான் அழுதுகொண்டே நிரப்பினேன். இரண்டாவது வாளியைப் பின்னால் வைத்துவிட்டு, முதல் வாளியைத் தூக்கி, மிகவும் மெதுவாக, நூல்போல ஊற்றினேன். கழுத்து. மார்பு. வயிறு. வாளியின் அடி தெரிந்தது. கடைசிச் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன.

என் தோளுக்கு மேலே இன்னொரு தாரை விழத் தொடங்கியது.

அறுபடவில்லை. என் தண்ணீர் முடிந்த இடத்தில் அது சேர்ந்துகொண்டது.

நான் திரும்பவில்லை. கடைக்கண்ணில், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டைக் கை ஒன்று தெரிந்தது. வாளியைப் பிடித்திருந்த வயதான, ஈரமான கை. அதற்குப் பின்னால் இன்னும் சிலர் நெருங்கி நிற்கும் மூச்சு. காடியின் வாடை.

பலகையிலிருந்து சேறு கழன்று வந்தது. கறுப்பாக, கட்டிகட்டியாக, தோகையும் வேருமாக ஓட்டைகள் வழியே தரையில் கொட்டியது. பிறகு கலங்கல். பிறகு தெளிந்த தண்ணீர்.

“அவள் தூயவள்,” என்றேன். அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தெரியும். இரண்டாவது முறை சொன்னபோது என்னோடு சேர்ந்து தணிந்த குரல்கள் சொல்லின. எல்லாம் பெண்கள்.

தரையில் மிண்டா இருமினாள்.

நான் திரும்பிப் பார்த்தபோது அவள் எழுந்து உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்து, என்னடி இவ்வளவு தண்ணி என்று கேட்டாள். அவள் குரல்தான். இரண்டு வாளிகளும் பக்கம் பக்கமாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நான் கவிழ்க்கவில்லை.

பலகையைக் கல்லறையிலேயே அடக்கம் செய்வது என்று முடிவானது. இறந்தவர்களுக்கான கதீஷ் ஜெபம் சொல்லப் பத்து ஆண்கள் வேண்டும். எங்கள் ஊரில் அத்தனை பேர் இல்லை. சாவுலோ பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய், விருந்து உண்டு என்று பொய் சொல்லிச் சிலரை அழைத்து வந்தான். தோன் பெர்னார்தோவும் வந்தார். வேலியோரம் கல் இல்லாத ஓர் இடத்தைக் கைத்தடியால் காட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார். ஹாசியாவுக்குப் பக்கத்தில் பலகையை இறக்கினோம். கதீஷ் சொன்னார்கள். பெர்னார்தோவின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. மிண்டா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் கை வெதுவெதுப்பாக, சுத்தமாக இருந்தது.

எனக்கு மனம் லேசாகியிருந்தது. உண்மையாகவே முடிந்துவிட்டது என்று நம்பினேன்.

கல்லறையை விட்டுக் கிளம்பும்போது வாசல் குழாயில் கை கழுவிவிட்டுத்தான் போவோம். கழுவியவர் தகரக் குவளையை அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது, கீழே வைத்துவிட வேண்டும். அடுத்தவர் தானே எடுத்துக்கொள்வார். ஒவ்வொருவராகக் கழுவிவிட்டு வண்டிகளுக்குப் போனார்கள். நான்தான் கடைசி. ஊற்றிக்கொண்டு, குவளையைக் கல்மேல் வைத்துவிட்டு, கையை உதறிக்கொண்டே நடந்தேன்.

பின்னால் குவளை கல்லில் உரசியது.

யாரோ அதை எடுத்தார்கள். தண்ணீர் விழுந்தது. குவளை திரும்பக் கல்மேல் வைக்கப்பட்டது.

நான் நடப்பதை நிறுத்தவில்லை. கல்லறையில் தங்குகிறவர்கள் கை கழுவுவதில்லை. கிளம்புகிறவர்கள்தான் கழுவுவார்கள்.

சாவுலோ வண்டியைக் கிளப்பி வைத்திருந்தான். முன் இருக்கையில் நான் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மிண்டா எனக்கு அடுத்து ஏறினாள். கதவை அவள் சாத்தவில்லை. வெளியே பார்த்தாள். பிறகு, கோயிலில் தெரிந்தவர் யாரோ வரும்போது நகர்வதுபோல, புன்னகையோடு என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் தள்ளிக்கோடி,” என்றாள். “எடம் பத்தாது.”